ஆவியாகும் மருந்து: கரிசல் காட்டுப் பயறும் வாசனைத் தைலங்களும்



செடிகளிலிருந்து காய்ச்சி வடிக்கும் தைலங்களைக் கொண்டு பயிர்ப்பூச்சிகளைக் கட்டுப்படுத்துவது பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "இயற்கை மருந்து, அடித்தால் எல்லாப் பூச்சியும் போய்விடும்" என்று பாட்டிலை நீட்டுகிறவர்கள் ஒரு பக்கம். "ஒரு பொழுது மணக்கும், புழு சாகாது" என்று ஒதுக்குகிறவர்கள் மறுபக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி என்று பரந்த நம் மானாவாரிச் சீமையில் இந்தத் தைலங்களுக்கு உறுதியாக வேலை இருக்கிறது. ஆனால் அந்த வேலை தொடங்க வேண்டிய இடம் திறந்த புஞ்சை இல்லை; வீட்டுக்குள் மூடி வைத்திருக்கும் விதைப்பானையும் டிரம்மும்தான்.

ஏன் என்று விளக்க ஒரு சின்னச் சோதனை போதும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு வேப்பெண்ணெயும், சற்றுத் தள்ளி ஒரு சொட்டு நீலகிரித் தைலமும் விட்டு வெயிலில் வையுங்கள். வேப்பெண்ணெய்க் கறை அன்று முழுக்க அப்படியே இருக்கும். நீலகிரித் தைலம் விட்ட இடம் சிறிது நேரத்தில் காய்ந்து, அங்கே சொட்டு விழுந்ததே தெரியாமல் போய்விடும். செக்கில் ஆட்டி எடுக்கும் வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், ஆமணக்கெண்ணெய் எல்லாம் தங்குகிற வகை. நீராவியில் வடித்தெடுக்கும் எலுமிச்சைப்புல் தைலம், கிராம்புத் தைலம், நீலகிரித் தைலம் எல்லாம் பறந்து போகிற வகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேசுவதால்தான் பாதித் தகராறு.

வேம்பின் பெருமையை இங்கே யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது வேப்பமரங்கள் மட்டும் பச்சையாக நின்றதை ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். 1962இல் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பிரதான் குழுவினர் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்து, வெட்டுக்கிளி அந்தப் பயிரைத் தொடாமல் விலகுவதைக் காட்டினார்கள். 1968இல் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. இதெல்லாம் உண்மை. ஆனால் அசாடிராக்டின் எளிதில் ஆவியாகிற பொருள் அல்ல. வேம்பு புஞ்சையில் சாதித்ததை வைத்து வாசனைத் தைலமும் புஞ்சையில் சாதிக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. அது வேறு பொருள், வேலை செய்யும் வழியும் வேறு.

அந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். மல்லி விதையின் மணத்துக்குக் காரணம் லினலூல். எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், நீலகிரித் தைலத்தில் சினியோல். எல்லாமே சிறிய மூலக்கூறுகள். ஆவியாக எழுந்து, பூச்சியின் உடம்பு ஓரத்தில் வரிசையாக இருக்கும் சுவாசத் துளைகள் வழியாக உள்ளே போய்விடும். உள்ளே போனதும் இவற்றில் பல நரம்பைத்தான் தாக்குகின்றன. நமக்கு அட்ரினலின் எப்படியோ, அதற்கு ஒப்பான வேலையைப் பூச்சிக்குச் செய்வது ஆக்டோபமைன். யூஜினால் போன்றவை அந்த ஆக்டோபமைன் ஏற்பிகளில் போய்க் குறுக்கிடுவதை 2001 வாக்கில் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. மனித உடம்பு அந்த ஏற்பிகளை நம்பி நடப்பதில்லை. ஒரே மருந்து பூச்சிக்குக் கொடியதாகவும் மனிதருக்குப் பெரிதும் தீங்கற்றதாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம். வேறு சில தைலப் பொருள்கள் வேறு நரம்பு வாசல்களைத் தாக்குகின்றன. எல்லாத் தைலமும் ஒரே வழியில் கொல்வதில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தைலத்துக்குள்ளேயே பல பொருள்கள் கலந்திருப்பதற்கு ஒரு பலன் உண்டு. பருத்தி போட்ட பெரியவர்களுக்குப் பச்சைக் காய்ப்புழுவின் கதை தெரியும். 1980களின் பிற்பகுதியில் ஆந்திரப் பருத்திக் காடுகளில் பைரித்திராய்டு மருந்துக்கு அது பழகிப்போனது. எத்தனை முறை அடித்தாலும் சாகவில்லை. கலவை மருந்துக்கும் பூச்சி இப்படிப் பழகுமா? கனடாவில் மரே ஐஸ்மனும் அவருடன் ஆய்வு செய்தவரும் 1995இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அசுவினிக் கூட்டம் ஒன்றுக்குத் தனி அசாடிராக்டினைக் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு முழு வேப்பங்கொட்டைச் சாற்றைக் கொடுத்தார்கள். 40 தலைமுறை கழித்துப் பார்த்தால், தனிப்பொருள் தின்ற கூட்டம் 9 மடங்கு தாங்கும் திறன் பெற்றிருந்தது. முழுச் சாறு தின்ற கூட்டம் அப்படிப் பழகவில்லை. பல பொருள் சேர்ந்த மருந்துக்குப் பூச்சி எளிதில் பழகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. வாசனைத் தைலங்களும் ஒவ்வொன்றும் பல பொருள்களின் சேர்க்கைதான்.

அப்படியானால் புஞ்சையில் அடித்தால் என்ன? இங்கேதான் நம் மண்ணையும் வானத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாம் புரட்டாசி, ஐப்பசியில் உளுந்தும் பாசிப்பயறும் மல்லியும் மக்காச்சோளமும் விதைக்கிறோம். வடகிழக்குப் பருவ மழைதான் நம் வெள்ளாமை. மழை பெய்தால் தெளித்தது கழுவிப் போகும். மழை நின்றால் மேலே வெயில், கீழே வெடித்த கரிசல், பக்கத்தில் தடுப்பே இல்லாத காற்று. காகிதத்தில் விட்ட அந்தச் சொட்டு இந்த வெளியில் எவ்வளவு நேரம் நிற்கும்? காலையில் அடித்த தைலத்தில் பெரும்பகுதி மாலைக்குள் போய்விடும். திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். அந்தச் செலவை மழையை மட்டும் நம்பிப் பயறு போடுகிற குடும்பம் தாங்காது.

2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட படைப்புழு அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் இறங்கியது. நம் மாவட்டத்திலும் அழித்தது. அந்தப் புழு குருத்துக்குள் போய் ஒளிந்துகொண்டு தின்கிறது. மேலே விழும் தெளிப்பு அதன் மேல் படுவதே அரிது. அதற்குக் கடைசி உழவில் எக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்போரப் பயிர், இளம் புழுப் பருவத்தில் அசாடிராக்டின் என்று வேளாண் பல்கலைக்கழகம் வகுத்த முறை இருக்கிறது. அதை விட்டுவிட்டு எலுமிச்சைப்புல் தைலத்தை டேங்கில் ஊற்றி அடியுங்கள் என்று நான் சொன்னால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம்.

தைலத்தை நுண்ணிய உறைக்குள் அடைத்து, மெதுவாக விடும்படி செய்யும் முயற்சிகள் உலகம் முழுவதும் நடக்கின்றன. நல்ல வழி. கட்டுப்படியாகும் விலைக்கு அது வரும்போது புஞ்சைக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். இன்னொரு எச்சரிக்கை: அளவு மீறினால் தைலம் இலையைக் கருக்கும். கிராம்புத் தைலத்தைக் களைக்கொல்லியாகவே சில நாடுகளில் விற்கிறார்கள். மல்லியும் சூரியகாந்தியும் பூத்து நிற்கும்போது தேனீ மேல் நேரடியாகப் பட்டாலும் ஆபத்துதான். அதனால் அடிக்கத்தான் வேண்டும் என்றால் மாலையில் அடியுங்கள்.

பூச்சியைக் கொல்லாமல் அழைத்துப் பிடிப்பதிலும் வாசனைக்கு ஒரு பெரிய வேலை உண்டு. அதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. 1912இல் பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், கொசுவுக்குப் பயன்படும் சிட்ரோனெல்லா தைலத்தைத் தேடிப் பழ ஈக்கள் வருவதையும், வந்தவை எல்லாம் ஆண் ஈக்களாகவே இருப்பதையும் எழுதினார். சில ஆண்டுகளில் அந்த ஈர்ப்புக்கான பொருளாக மெத்தில் யூஜினாலை அடையாளம் காட்டினார். இன்று மாந்தோப்புகளில் தொங்கும் பழ ஈப் பொறியில் இருப்பது அதே பொருள். துளசியிலும் அது உண்டு. துளசியைக் கசக்கி வைத்து மாம்பழ ஈயைப் பிடிக்கும் வழக்கம் தோப்புக்காரர்களுக்குத் தெரியும். ராஜபாளையம் பக்கம் சப்பட்டை மாந்தோப்பு வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இனி உளுந்துக்கு வருகிறேன். நான் பேச வந்ததே இதைத்தான்.

குதிரைவாலியை உமியோடு குலுக்கையில் கொட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. சிறுதானியத்தின் உமிக்கே அந்தக் காவல் உண்டு. பயறுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தை மாதம் அடித்துத் தூற்றி எடுத்த உளுந்தைப் புரட்டாசி விதைப்புக்கு எடுக்கும் வரை எட்டு மாதம். அதில் சித்திரை, வைகாசி, ஆனி வெக்கை முழுவதும் அடங்கும். பயறு வண்டு புஞ்சையிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடும். களத்துக்கு வரும்போதே சில முட்டைகளும் புழுக்களும் கூடவே வருகின்றன. ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். முட்டை விதையின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. பொரித்த புழு நேராக விதைக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வருகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை. எட்டு மாதத்தில் ஏழெட்டுத் தலைமுறை. பானையைத் திறக்கும்போது மேலே வெள்ளைப் பொடியும், கையில் எடுத்தால் கனமே இல்லாத ஓட்டை விதையும் இருக்கும். அந்த ஆண்டு விதைக்குக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே கிடைக்கும் ரகம் நம் புஞ்சைக்கு ஒத்து வருமா என்பது அடுத்த கவலை.

இதற்குப் பயந்து சில வீடுகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைக்குள் போட்டு, அந்த மூட்டை இருக்கும் அறையிலேயே படுக்கிறார்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஒரு குடும்பத்தையே கொன்றுவிடும். பயிற்சி பெற்றவர்கள் மேற்பார்வையில் கிட்டங்கிகளில் பயன்படுத்த வேண்டிய பொருள் அது. வீட்டில் வைக்க அனுமதியே இல்லை. எங்கே கிடைத்தாலும் வாங்காதீர்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

தைலம் பறந்து போவது புஞ்சையில் குறை. இறுக மூடிய பாத்திரத்தில் அதே குணம் நமக்கு வேலை செய்கிறது. ஆவி வெளியே போக வழியில்லை. விதைக்கும் விதைக்கும் நடுவில் உள்ள சந்தில் எல்லாம் அது பரவி நிற்கிறது. வண்டு எங்கே ஒளிந்தாலும் மூச்சு விட்டாக வேண்டும். பிறகு விதையை வெளியே எடுத்துக் காயப்போட்டால் ஆவி போய்விடும். தங்குகிற நஞ்சு பெரிதாக மிஞ்சுவதில்லை. காற்றடிக்கும் கரிசல் வெளியில் பலிக்காத மருந்து, நாலு பக்கமும் அடைத்த டிரம்மில் பலிப்பதற்கு இதுதான் காரணம்.

நம் வீட்டுப் பெண்கள் இதை வேறு வகையில் செய்துதான் வந்திருக்கிறார்கள். அப்பத்தாக்கள் நெல் மூட்டைக்கும் பயறுப் பானைக்கும் நொச்சி இலை போட்டார்கள். குண்டாற்றுக் கரையிலும் வேலியோரத்திலும் தானாக வளர்கிற செடி, ஆடுகூட அதிகம் வாய் வைக்காது. அதன் இலையில் ஆவியாகும் தைலம் இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம் சொல்வேன்: இலையை வெயிலில் காயப்போட்டால் நமக்கு வேண்டிய தைலம் வெயிலோடு போய்விடும். நிழலில் உலர்த்தி, மூடும் தறுவாயில் நொறுக்கிப் போட வேண்டும்.

துவரைக்குச் செம்மண் கட்டுவதும் அதே அளவுக்கு முக்கியமான அறிவு. மண் பூச்சு விதைத்தோலில் முட்டை ஒட்டாமல் தடுக்கிறது. வண்டின் மேல்தோலை உராய்ந்து உடம்பு ஈரத்தை உறிஞ்சுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே வண்டு இனம் தட்டைப்பயறைத் தின்கிறது. அங்கே கினி நாட்டு ஆய்வாளர்கள் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் களிமண் தூளில் துளசி இனத் தைலத்தை ஏற்றி, அந்தத் தூளைப் பயறில் கலந்து சோதித்தார்கள். மண் தைலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இதைப் படித்தபோது எனக்கு நம் செம்மண் கட்டு நினைவுக்கு வந்தது. நம்மிடம் மண்ணும் இருக்கிறது, மண் பூசும் கையும் இருக்கிறது. தைலத்தை மண்ணில் ஏற்றும் அந்த ஒரு படிதான் சேர வேண்டும். இதை ஓர் ஆய்வு நிலையம் நம் ஊர்ப் பெண்களைக் கூட வைத்துக்கொண்டு செய்தால் சீக்கிரம் முடியும்.

வசம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1977இல் ஜம்மு மண்டல ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சக்சேனா, கௌல் முதலியவர்கள் வசம்புத் தைலத்திலிருந்து பூச்சிகளை மலடாக்கும் ஒரு பொருளைப் பிரித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பெண் பூச்சியின் முட்டைப்பை வளராமல் போகிறது. சேமிப்பில் இதைவிட நல்ல விளைவு வேண்டுமா? வண்டு சாகாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த தலைமுறை வராது. ஆனால் அந்தப் பொருள், பீட்டா அசரோன், எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியது என்று கண்டு, அமெரிக்கா 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை செய்துவிட்டது. இந்திய வசம்பில் அது அதிகம். ஆகவே என் கருத்து உறுதியானது: வசம்புத் தூளை விதைக்கென்று தனியாக எடுத்து வைத்த பயறுக்கு மட்டும் போடுங்கள். தோசைக்கு அரைக்கும் உளுந்துக்கு வேண்டாம். இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் வயிற்றுக்கு நல்லதாகிவிடாது.

மல்லியைப் பற்றிக் கேட்பீர்கள். நம் கரிசலில் விளைகிற மல்லி விருதுநகர் சந்தைக்குப் போகிறது. அதன் தைலத்தில் பாதிக்கு மேல் லினலூல். லினலூல் சேமிப்பு வண்டுகளைக் கொல்லும். அப்படியானால் நாமே வடித்தால் என்ன? ஆசை நியாயமானது. ஆனால் நம் நாட்டு மல்லி பருத்த விதை. அதில் தைலம் அரை சதவீதத்தைத் தொடுவதே கடினம். ரஷ்யா, கிழக்கு ஐரோப்பாப் பக்கத்துச் சிறு விதை ரகங்களில்தான் ஒரு சதவீதத்துக்கு மேல் கிடைக்கிறது. நூறு கிலோ நல்ல மல்லியைக் காய்ச்சி அரைக் கிலோவுக்கும் குறைவாகத் தைலம் எடுப்பது கட்டாது. தூற்றும்போது ஒதுங்குகிற உடைந்த விதை, தூசி மல்லி இவற்றை வடித்துப் பார்ப்பது வேறு கணக்கு. அதை ஒரு மகளிர் குழு ஒரு பருவம் செய்து வரவு செலவைப் பார்க்கலாம்.

எலுமிச்சைப்புல்லும் அப்படித்தான். கேரளத்தில் ஓடக்காலி நிலையம் 1951 முதல் அதை ஆராய்கிறது. பச்சைப் புல்லில் அரை சதவீதத்தை ஒட்டித்தான் தைலம். லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனமும் மற்ற சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களும் 2017 முதல் நறுமணத் திட்டம் ஒன்றை நடத்தி, விதர்பா, புந்தேல்கண்ட் போன்ற வறண்ட பகுதிகளில் இந்தப் புல்லைப் பரப்பியிருக்கின்றன. நம் மேட்டுச் செவலிலும் இந்தப் புல் வரும். தண்ணீர் தேங்குகிற கரிசல் பள்ளத்தில் வேர் அழுகும். வடிக்க எரிபொருள் வேண்டும். அதற்குச் சீமைக்கருவேலம் நம்மிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு அடுப்பு எரிப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கா 1996இல் கிராம்பு, எலுமிச்சைப்புல், ரோஸ்மேரி போன்ற தைலங்களைக் குறைந்த அபாயப் பட்டியலில் சேர்த்துப் பதிவிலிருந்து விலக்கியது. நம் நாட்டில் பூச்சிமருந்து என்று சொல்லி விற்கும் எதற்கும் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு எண் இல்லாத பாட்டிலை 'இயற்கை' என்ற எழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள். அந்தப் பெயரில் ரசாயன மருந்தைக் கலந்து விற்றது பல மாநிலங்களில் வெளிப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டு விதைக்கு உங்கள் வேலி நொச்சியைப் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வருகிற தையில் உளுந்து எடுத்ததும் ஒரு காரியம் செய்யும்படி இங்கே வந்திருக்கும் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன். விதையைப் பல்லில் கடித்தால் டக்கென்று உடையும்படி நன்றாகக் காய வையுங்கள். மூடி இறுகப் பொருந்தும் நான்கு ஒரே அளவு டப்பாக்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 5 கிலோ போடுங்கள். முதலாவதை வழக்கம்போல் லேசாக மூடி வையுங்கள். இரண்டாவதில் ஒன்றும் போடாமல் காற்றுப் புகாமல் அடையுங்கள். காற்றை அடைப்பது மட்டுமே வண்டை மூச்சுத் திணறச் செய்யும் என்பதைக் கேமரூனில் தட்டைப்பயறுக்காக உருவாகி ஆப்பிரிக்கா முழுவதும் பரவிய மூன்றடுக்குப் பைகள் காட்டியிருக்கின்றன; தைலத்தின் பங்கு எவ்வளவு என்று தெரிய இந்த டப்பா அவசியம். மூன்றாவதில் நிழலில் உலர்த்திய நொச்சித் தூள் 50 கிராம் கலந்து அடையுங்கள். நான்காவதில் தைலம் ஏற்றிய செம்மண் தூள். எந்தத் தைலம், எவ்வளவு என்பதைக் கோவிலாங்குளம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதிகமானால் முளைப்பு கெடும். ஆடி கடைசியில் நான்கையும் திறந்து, ஒவ்வொன்றிலும் கண்ணை மூடிக்கொண்டு 100 விதை எடுத்து, எத்தனையில் ஓட்டை என்று எண்ணுங்கள். இன்னொரு 100 விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தது என்று எண்ணுங்கள். இரண்டு கணக்கையும் ஊர்ப்பெயரோடு ஒரு தாளில் எழுதி, விதைப்புக்கு முன்னால் நிலையத்தில் கொண்டு வந்து கொடுங்கள்.